வெறுங்காலுடன் ஸ்காட்லாந்தை வியக்க வைத்த கொல்கத்தா வீரர் முகமது சலீம்

பாலிகஞ்ச் (கொல்கத்தா): ஐரோப்பியக் கால்பந்து கிளப் ஒன்றின் சீருடையில் களமிறங்கிய முதல் இந்தியர் என்ற பெருமைக்குரியவர் முகமது சலீம். 1936-ஆம் ஆண்டில், நாடு ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்த காலத்தில், காலணி அணியாமல் பாதங்களில் கட்டுத்துணி மட்டும் சுற்றிக்கொண்டு ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக அவர் ஆடினார். அவர் அங்கு ஆடியவை இரண்டே ஆட்டங்கள். ஆயினும் இந்தியக் கால்பந்து வரலாற்றை எழுத முற்படும் எவரும் அந்த இரண்டு ஆட்டங்களைக் கடந்து செல்ல இயலாது.

சலீமின் வாழ்க்கையை அறிய, அவர் ஆடிய காலத்தின் கொல்கத்தாவை முதலில் அறிய வேண்டும். பாலிகஞ்ச் பகுதியில் குருசதய் சாலையை ஒட்டி இன்று இயங்கி வரும் கல்கத்தா கிரிக்கெட் மற்றும் கால்பந்து கிளப், அக்காலத்தின் நினைவைத் தாங்கி நிற்கும் அமைப்புகளில் ஒன்று. 1792-இல் தொடங்கப்பட்டதாகக் கருதப்படும் கல்கத்தா கிரிக்கெட் கிளப், 1950-இல் பாலிகஞ்ச் கிரிக்கெட் கிளப்புடன் இணைந்தது. பின்னர் 1965-இல் கல்கத்தா கால்பந்து கிளப்பும் அதனுடன் சேர்ந்தது.

இவற்றுள் கல்கத்தா கால்பந்து கிளப்புக்கும் ஸ்காட்லாந்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1872-இல் ரக்பி ஆட்டத்துக்காகத் தொடங்கப்பட்ட அந்த கிளப், சில ஆண்டுகளில் உறுப்பினர்கள் குறைந்ததால் கலைக்கப்பட்டது. வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய் நாணயங்களை உருக்கி, மூன்று நாகங்களைக் கைப்பிடிகளாகவும் யானையை மூடியின் உச்சியிலும் கொண்ட கோப்பையாக்கி இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்கு வழங்கினர். கல்கத்தா கோப்பை என்ற பெயரில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றளவும் அதற்காக மோதி வருகின்றன. பிற்காலத்தில் மீண்டும் உயிர்பெற்ற அந்த கிளப், கால்பந்துக்கு மாறி, கல்கத்தா லீக் போட்டியில் எட்டு முறை பட்டம் வென்றது.

வெள்ளையருக்கு மட்டுமே உரிய லீக்

1898-இல் தொடங்கிய கல்கத்தா லீக் போட்டியில் ஆரம்பத்தில் ஐரோப்பியர் கிளப்புகளுக்கும் ஆங்கிலேயப் படைப்பிரிவுகளுக்கும் மட்டுமே இடமிருந்தது. 1914-இல்தான் இந்திய அணிகள் இரண்டாம் பிரிவில் சேர்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு மோகன் பகான் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அதன் பிறகும் ஒரு பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நீடித்தது. 1933 வரை ஒரே ஒரு முறைகூட இந்திய அணி எதுவும் லீக் பட்டத்தை வெல்லவில்லை. 1931 முதல் 1933 வரை மூன்று ஆண்டுகளும் டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற படைப்பிரிவின் அணியே தொடர்ந்து பட்டம் வென்றது.

இத்தகைய சூழலில் இந்தியருக்குக் கிடைத்த முதல் பெரும் ஆறுதல் 1911 ஜூலை 29 அன்று வந்தது. ஐ.எஃப்.ஏ. கேடயத்துக்கான இறுதி ஆட்டத்தில் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவு அணியை மோகன் பகான் 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அணித்தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோலும், முன்கள வீரர் அபிலாஷ் கோஷ் வெற்றிக்கான கோலும் அடித்தனர். பதினொரு பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலுடன் ஆடியவர்கள். அந்தச் செய்தி நகரெங்கும் பரவியபோது சலீம் ஏழு வயதுச் சிறுவன்.

மெட்டியாப்ரூஸிலிருந்து மைதானுக்கு

1904-ஆம் ஆண்டு, ஹூக்ளி ஆற்றின் கரையில் உள்ள மெட்டியாப்ரூஸ் பகுதியில் எளிய முஸ்லிம் குடும்பம் ஒன்றில் முகமது சலீம் பிறந்தார். ஆட்சியை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா, தமது பரிவாரத்துடன் வந்து குடியேறி வாழ்ந்து மறைந்த இடம் அது. பின்னாளில் தையற்கலைஞர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் நிறைந்த பகுதியாக அது மாறியது. படிப்பைக் காட்டிலும் பந்தே சலீமை ஈர்த்தது. பூட்ஸ் வாங்க வசதியில்லாத பிள்ளைகள் வெறுங்காலுடன் ஆடுவதே அன்று வழக்கம். பாதத்தின் விரல்களாலும் விளிம்பாலும் பந்தைத் தாங்கிச் செல்லும் நுட்பம் அவர்களிடம் இயல்பாகவே வளர்ந்தது. சலீம் அதில் தேர்ந்தவரானார்.

1926-இல் பவுபஜார் பகுதியின் சித்தரஞ்சன் கிளப்பில் அவரது கிளப் வாழ்க்கை தொடங்கியது. அடுத்து முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பின் இரண்டாம் நிலை அணியில் சிறிது காலம் ஆடினார். திறமையாளர்களைக் கண்டறிவதில் வல்லவரான விளையாட்டு நிர்வாகி பங்கஜ் குப்தா அவரை ஸ்போர்ட்டிங் யூனியன் அணிக்கு அழைத்துச் சென்றார். பின்னர் ஈஸ்ட் பெங்கால் அணியில் குறுகிய காலமும், ஆரியன்ஸ் கிளப்பில் 1932 வரையும் ஆடினார். வலது ஓரத்தில் பந்தைக் கொண்டு சென்று, முன்கள வீரர்களின் தலைக்கும் காலுக்கும் சரியாக வந்து சேரும்படி அனுப்புவதே அவரது தனிச்சிறப்பு. தாமே கோல் அடிப்பதைவிடப் பிறர் அடிக்க வழி அமைத்துக் கொடுப்பவராகவே அவர் அறியப்பட்டார்.

1934-இல் சலீம் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குத் திரும்பினார். 1891-இல் நிறுவப்பட்ட அந்த கிளப், அந்த ஆண்டுதான் முதல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. புதிதாக வந்த அணி முதல் பிரிவில் நிலைத்தாலே போதும் என்று பலர் எண்ணியிருக்க, அது லீக் பட்டத்தையே வென்றது. முப்பத்தாறு ஆண்டுகளாக ஐரோப்பிய அணிகளிடமே இருந்த பட்டம் முதன்முறையாக இந்திய அணி ஒன்றின் கைக்கு வந்தது. கல்கத்தா கால்பந்து கிளப் உள்ளிட்ட பழம்பெரும் ஐரோப்பிய அணிகள் பின்தங்கின.

அந்த வெற்றி ஒருமுறை நிகழ்ந்து மறைந்ததன்று. 1934 முதல் 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து முகமதன் ஸ்போர்ட்டிங் லீக் சாம்பியனாக விளங்கியது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றது. மழைக்காலச் சேற்றில் வெறுங்கால் வீரர்கள் வழுக்கி விழுவதைக் கண்ட கிளப் நிர்வாகம், ஈரமான களத்தில் பூட்ஸ் அணிந்து ஆடும் பழக்கத்தை வீரர்களிடையே புகுத்தியது. ஆனால் சலீமுக்கு வெறுங்காலே இசைந்தது.

சீன அணியும் காணாமற்போன வீரரும்

சுதந்திரத்துக்கு முந்தைய இந்தியாவில் சர்வதேச ஆட்டங்கள் மிக அரிது. உலகக் கோப்பையிலோ ஒலிம்பிக் கால்பந்திலோ இந்தியா அன்று பங்கேற்கவில்லை. வெளிநாட்டு அணிகள் எப்போதேனும் வந்து செல்லும்போது மட்டுமே இந்திய வீரர்களின் திறன் உலகின் முன் சோதிக்கப்பட்டது. அவ்வாறு ஒரு வாய்ப்பு 1936-இல் அமைந்தது. பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குப் புறப்பட்ட சீன அணி, பயணச் செலவுக்குப் பணம் திரட்டுவதற்காக வழிநெடுகிலும் பல நாடுகளில் காட்சி ஆட்டங்கள் ஆடியபடி இந்தியாவுக்கு வந்தது. ஆசியாவின் தலைசிறந்த முன்கள வீரராகப் போற்றப்பட்ட லீ வாய் டாங் அதன் அணித்தலைவர்.

கொல்கத்தாவில் சீன அணியை எதிர்த்த அகில இந்திய அணியில் சலீம் இடம்பெற்றார். அவரது ஆட்டம் பார்வையாளர்களையும் எதிரணியினரையும் கவர்ந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் அவர் தேர்வு செய்யப்பட்டிருந்தார். ஆனால் ஆட்டத்துக்கு முன்பாக அவரைக் காணவில்லை. நிர்வாகிகள் நகரெங்கும் தேடினர். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தும் பயனில்லை. சலீம் அதற்குள் கப்பலேறியிருந்தார்.

இங்கிலாந்தில் வாழ்ந்து, விடுமுறைக்காக கொல்கத்தா வந்திருந்த உறவினர் ஹாஷிம் என்பவரே அப்பயணத்துக்குக் காரணம். சீன அணிக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்த அவர், இத்தகைய திறமை ஐரோப்பாவில் சோதித்துப் பார்க்கத் தக்கது என்று சலீமை வற்புறுத்தினார். இருவரும் கெய்ரோ வழியாக லண்டன் சென்று, அங்கிருந்து கிளாஸ்கோவை அடைந்தனர். அப்போது சலீமுக்கு வயது முப்பத்திரண்டு. வேகத்தை நம்பி ஆடும் ஓர ஆட்டக்காரருக்கு அது தொடக்க வயது அன்று.

செல்டிக் பூங்காவில் ஒரு சோதனை

அவர்கள் சென்ற இடம் சாதாரண கிளப் அன்று. 1935-36 பருவத்தில் ஸ்காட்லாந்து லீக் பட்டத்தைப் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீட்டிருந்தது செல்டிக். அதன் முன்கள வீரர் ஜிம்மி மெக்ரோரி அந்த ஒரு பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்திருந்தார். வலது ஓரத்தில் ஜிம்மி டிலேனி என்ற இளைஞர் புகழின் உச்சியை நோக்கி வளர்ந்து கொண்டிருந்தார். மேலாளர் வில்லி மேலி 1897 முதல் அப்பொறுப்பில் இருந்தவர்.

இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருப்பதாகவும், அவர் வெறுங்காலுடன் ஆடுபவர் என்றும் ஹாஷிம் சொன்னபோது மேலி நம்பத் தயங்கினார். தடித்த பூட்ஸ் அணிந்த தொழில்முறை வீரர்களுக்கு நடுவே வெறும் பாதங்களுடன் ஒருவர் ஆட முடியும் என்பது அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது. எனினும் வாய்ப்பு மறுக்கப்படவில்லை. கிளப் உறுப்பினர்கள் முன்னிலையில் சலீம் தம் பந்துத் திறனைக் காட்டினார். பந்து அவர் பாதங்களோடு ஒட்டிக்கொண்டதுபோல் இயங்கியதைக் கண்டோர் வியந்தனர். செல்டிக் அணியின் துணை அணியில் அவரை ஆட வைப்பது என முடிவாயிற்று.

ஹாமில்டன் அகடமிகல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் செல்டிக் 5-1 என வென்றது. கால்ஸ்டன் அணிக்கு எதிராக 7-1 என வென்றது. சலீம் பெனால்டி வாய்ப்பு ஒன்றைக் கோலாக்கியதுடன், பல கோல்களுக்குத் தாமே பந்தை எடுத்துக் கொடுத்தார். முன்னாள் செல்டிக் வீரரும் அப்போதைய பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி, மண்டியிட்டு சலீமின் பாதங்களுக்குத் துணி சுற்றிவிடும் புகைப்படம் இன்றும் கிளப் வரலாற்றில் போற்றப்படுகிறது. ஆளும் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற வீரர் ஒருவர், அடிமை நாட்டிலிருந்து வந்த ஆட்டக்காரரின் காலடியில் அமர்ந்திருக்கும் அக்காட்சி, அந்நாளில் கொல்கத்தாவின் எந்தக் களத்திலும் காணக் கிடைக்காதது.

மறுநாள் ஸ்காட்லாந்துச் செய்தித்தாள்கள் சலீமை இந்தியாவிலிருந்து வந்த வித்தைக்காரர் எனப் புகழ்ந்தன. பந்தைப் பெருவிரலில் நிறுத்திச் சுண்டுவிரலுக்கு உருட்டி, எதிராளியை ஏமாற்றி அவர் கடந்து சென்ற விதம் வியந்து எழுதப்பட்டது. அப்புகழ்ச்சியில் உண்மையான மதிப்பும் இருந்தது. கிழக்கிலிருந்து வந்த எவரையும் மாயவித்தையோடு இணைத்துப் பார்க்கும் அக்காலத்துப் பார்வையும் கலந்திருந்தது. ஆனால் அந்த நுட்பம், மெட்டியாப்ரூஸின் தெருக்களிலும் கொல்கத்தாவின் மைதானத்திலும் பல ஆண்டுகள் ஆடிப் பெற்ற பயிற்சியின் விளைவு.

தாயகம் திரும்பிய முடிவு

செல்டிக் நிர்வாகம் அவரை ஒரு பருவம் முழுவதும் தங்கி ஆடும்படி கேட்டுக்கொண்டது. சலீம் இணங்கவில்லை. ஊர் நினைவு அவரை வாட்டியது. ஜெர்மனியிலிருந்து வந்த அழைப்பையும் அவர் ஏற்கவில்லை. அவர் தங்கியிருந்தால் முதல் நிலை அணியில் இடம் கிடைத்திருக்குமா என்ற கேள்வி பலரால் எழுப்பப்பட்டு வந்துள்ளது. டிலேனி போன்ற இளம் வீரர் வலது ஓரத்தில் நிலைபெற்றிருந்த நிலையில் அது எளிதாக இருந்திருக்காது. மறுபுறம், கொல்கத்தாவில் அவருக்காக ஒரு சாம்பியன் அணி காத்திருந்தது.

அவர் புறப்படும் முன் அறக்கொடை ஆட்டம் ஒன்றின் வசூலில் ஐந்து சதவீதத்தை அவருக்கு வழங்க செல்டிக் முன்வந்ததாகவும், அத்தொகையை ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டிருந்த ஆதரவற்ற குழந்தைகளுக்கே கொடுத்துவிடும்படி அவர் கூறியதாகவும் அவரது குடும்பத்தார் நினைவுகூர்ந்துள்ளனர். கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியால் வாடிய ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக 1887-இல் தொடங்கப்பட்ட கிளப்தான் செல்டிக்.

தாயகம் திரும்பிய சலீம் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியில் இணைந்தார். 1938-இல் கிடைத்த ஐந்தாவது தொடர் லீக் பட்டம் வரை அவரது பங்களிப்பு தொடர்ந்தது.

அதே காலத்தில் ஆப்பிரிக்க வீரர்கள்

சலீமின் பயணத்தை, அவர் காலத்தில் ஐரோப்பாவின் கதவைத் தட்டிய ஆப்பிரிக்க முன்கள வீரர்களுடன் ஒப்பிட்டால் அதன் பொருள் மேலும் தெளிவாகும். எகிப்தின் ஹுசைன் ஹெகாஸி, படிப்பதற்காக இங்கிலாந்து சென்று, 1911-இல் ஃபுல்ஹாம் அணிக்காக ஒரே ஒரு லீக் ஆட்டம் ஆடிக் கோலும் அடித்தார். பின்னர் தாயகம் திரும்பி ஒலிம்பிக்கில் எகிப்து அணிக்குத் தலைமை தாங்கினார். 1934 உலகக் கோப்பையில் ஹங்கேரிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்த எகிப்தியர் அப்துல்ரஹ்மான் ஃபவ்ஸி, அப்போட்டியில் கோல் அடித்த முதல் ஆப்பிரிக்கர் ஆனார்.

சலீம் திரும்பிய இரண்டு ஆண்டுகளில், மொராக்கோவின் காசாபிளாங்காவைச் சேர்ந்த லார்பி பென்பரேக் பிரான்சின் மார்செய் கிளப்பில் சேர்ந்தார். அவர் அங்கேயே தங்கினார். பிரான்ஸ் தேசிய அணிக்காக 1938 முதல் 1954 வரை ஆடினார். ஸ்பெயினின் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியுடன் 1950, 1951 ஆகிய இரு ஆண்டுகளிலும் லீக் பட்டம் வென்றார். ஆனால் அவர் ஆடியது தம் தாயகத்துக்காக அன்று, அதை ஆண்ட நாட்டுக்காக. பென்பரேக் தங்கியதால் பெற்றது நீண்ட புகழ். சலீம் திரும்பியதால் பெற்றது தம் ஊர் மக்களின் நடுவே மேலும் சில வெற்றிகள். ஆளப்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்களுக்கு அன்று இவ்விரு பாதைகளும் விலை கேட்டன.

நினைவும் மறதியும்

சலீம் ஆட்டத்திலிருந்து ஒதுங்கிய பின் இந்தியக் கால்பந்து வேகமாக மாறியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகப் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி 1-2 என்ற கணக்கில் மட்டுமே தோற்றது. அந்த ஆட்டத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோல், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோல். 1952 ஹெல்சிங்கியில் குளிரான களத்தில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என வீழ்ந்த பிறகு, பூட்ஸ் அணிவது கட்டாயமாயிற்று. வெறுங்கால் ஆட்டத்தின் காலம் அத்துடன் முடிந்தது.

முதுமையில் சலீம் நோயுற்றபோது, அவரது மகன் செல்டிக் கிளப்புக்குக் கடிதம் எழுதினார். தந்தையின் சிகிச்சைக்குப் பணம் தேவை என்று அதில் குறிப்பிட்டிருந்தார். மறுமொழியாக நூறு பவுண்டுக்கான வங்கி வரைவோலை கிளாஸ்கோவிலிருந்து வந்து சேர்ந்தது. தமக்குப் பணம் நோக்கமன்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தந்தையை அந்த கிளப் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறியவே எழுதியதாகப் பின்னாளில் மகன் விளக்கினார். அந்த வரைவோலை வங்கியில் மாற்றப்படாமல் குடும்பத்தின் பொக்கிஷமாகவே பாதுகாக்கப்பட்டது. 1980-இல் முகமது சலீம் காலமானார்.

அடுத்து இந்தியர் ஒருவர் ஐரோப்பிய கிளப்புடன் தொழில்முறை ஒப்பந்தம் செய்துகொள்ள 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பைச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப்பில் சேர்ந்தார். சலீம் கிளாஸ்கோ சென்று அறுபத்து மூன்று ஆண்டுகள் அதற்குள் கடந்துவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் பயணத்தின் திசையும் மாறியது. சலீம் மறைந்த 1980-இல்தான் ஈரானைச் சேர்ந்த மஜித் பிஸ்கார் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்து கொல்கத்தா ரசிகர்களின் உள்ளம் கவர்ந்தார். 1980-களின் நடுவில் நைஜீரியாவிலிருந்து வந்த முன்கள வீரர் சீமா ஒகோரி, முகமதன் ஸ்போர்ட்டிங் சீருடையில் களமிறங்கினார். பின்னர் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய அணிகளுக்கும் ஆடி, கோல்களைக் குவித்து, இந்திய மண்ணில் ஆப்பிரிக்க முன்கள வீரர்களின் நீண்ட வரிசைக்கு வழி திறந்தார். இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்று ஆடவும் அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

தொலைதூர நாட்டிலிருந்து வந்து, மொழி அறியாத ஊரில், தம் கால்களை மட்டுமே நம்பிச் சோதனைக்கு நிற்கும் வீரரை இன்றைய கொல்கத்தா ரசிகர் நன்கு அறிவார். அப்படி நின்றவர்களில் ஒருவர், அதே முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து, பூட்ஸ்கூட இல்லாமல், 1936-இலேயே எதிர்த்திசையில் சென்று வென்று வந்தார் என்பதை இந்த நகரம் இன்னும் உரிய அளவில் கொண்டாடவில்லை.